சேவியர் அண்ணனின் எட்டுச் சுற்று

மண்டபத்து வாசலில் கட்டிய பேனரில் 'மாபெரும் பியானோ இசை விழா' என்று போட்டிருந்தது. உள்ளே ஒரு பியானோகூடக் கிடையாது. எல்லாம் கீபோர்டு, அதுவும் அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனரில் எழுதினபடி எந்த ஊரில் எது நடந்திருக்கிறது? ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் சேவியர் அண்ணனுக்குச் செய்யப் பார்த்த காரியத்தை நினைத்தால், ஏழு மாதம் கழித்தும் எனக்குக் காது சூடாகிறது.

என் பெயர் மணிமேகலை. சொந்த ஊர் எரியோடு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் என்பது அங்கே வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் சர்வர் படுத்துக்கொள்ளும்போது ஒரு தடவை, கட்டாயம் கத்துவேன். ஆகவே நான் சொல்வதில் காரம் இருக்கும். பொய் இருக்காது.

சேவியர் அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி வழியாக நத்தம் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். இருபத்தாறு வருஷமாக அதே ரூட். ஆள் பார்க்க முரடு. குரலைத் தாழ்த்திப் பேசவே தெரியாது, இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிவிட்டது. ஆனால் வைகிற பழக்கம் கிடையாது. குறுக்கே வந்து விழுகிற பைக்குக்காரனைக்கூட, "ஏ அப்பு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போகிற மனுஷன். நானாக இருந்தால் இறங்கிச் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.

அவருக்குச் சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே சின்னதாக ஒரு கோவில், மாதா கோவில். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பெட்டி சும்மா கிடக்கிறதே என்று இவர் தொட்டார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தானே தட்டித் தட்டி, பூசைப் பாட்டுக்குக் கூடவே போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டார். விரல் தடிமன். ஒன்றை வைத்தால் சில சமயம் இரண்டு கட்டை அமுங்கும். அமுங்கினால் என்ன, மாதா கோபித்துக்கொள்ளவில்லை.

அப்படித் தானே கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்றை அவரும் செய்தார். வெள்ளைக் கட்டைகளில் ஒரே ஒரு இடத்தில் வாசிக்கக் கற்றுக்கொள்வது. பாடுகிறவர்களுக்குச் சுருதி எட்டவில்லை என்றால் கையை மாற்றுவதில்லை. கீபோர்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மூன்று தடவை தட்டினால், கை பழைய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் மூன்று கட்டை மேலே போய் வெளியே வரும். எங்கள் பக்கத்துக் கோவில், பஜனை, மேடைக் கச்சேரி எல்லாம் இந்தப் பொத்தானில்தான் ஓடுகிறது. பாட்டு முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இதை அவர் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், டீ குடிக்கும்போது, சிரித்துக்கொண்டே.

பதினொரு வயதில் ஊர்த் திருவிழாவுக்கு ஆயர், பிஷப்தான், வருகிறார் என்று பாடகர் குழுவில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இவரும் சேர்ந்து தவக்காலம் முழுக்கப் பாட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். திருவிழா அன்று காலையில் பாட்டு வாத்தியார் கூப்பிட்டு, "ஏலே சேவியர், ஒன் குரலு தகரத்த உரசுற மாதிரி இருக்கு. ஆயர் முன்னாடி மானம் போயிரும். நீ வாய மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இவரும் பூசை முழுக்க வாயை மட்டும் அசைத்தார். வீட்டுக்குப் போனால் அவர் அம்மா கட்டிப் பிடித்து, "அம்புட்டுப் பிள்ளைக பாடுனாலும் எம்மகன் குரலு தனியாக் கேட்டுச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறது.

"நான் பாடவே இல்ல, மணி" என்றார் அண்ணன். "கடைசி வரைக்கும் அத எங்க அம்மாகிட்டச் சொல்லல. அது கண்ண மூடுறதுக்கு மொத நா கூட அந்தப் பாட்டப் பத்தித்தான் பேசுச்சு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாத்தியார் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் கேட்டேன். இல்லையாம். தப்பித்தார்.

நாங்கள் எல்லாம் சந்தித்தது பழனி ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிற மியூசிக் கிளாஸில். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இலவச விளம்பரமாகிவிடும். நடத்துகிறவர் பெலிக்ஸ் மாஸ்டர், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல கை. அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிள்ளைகளுக்குத்தான் கிளாஸ். என் மகள் ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "இனிமே போக மாட்டேன்" என்று கீபோர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் வெளியே இழுத்து, "நீ போகாட்டி நான் போறேன்டி" என்றேன். சொன்ன சொல்லுக்காகப் போனவள்தான். போன பிறகு விட முடியவில்லை. எட்டு மணி நேரம் அடுத்தவர் விண்ணப்பத்தை டைப் அடித்த விரலுக்கு, தனக்கென்று ஒன்றைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பெரியவர்கள் பேட்ச்சில் நாலு பேர். சேவியர் அண்ணன், நான், அப்புறம் ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிற கருப்புசாமி அண்ணன், தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற நான்சி. செவ்வாய், சனி சாயங்காலம் கிளாஸ். சேவியர் அண்ணன் டிரிப் முடித்துக் காக்கிச் சட்டையோடு வருவார். கருப்புசாமி அண்ணன் மேல் எப்போதும் தக்காளி வாசம் வரும். நான்சி நைட் டூட்டிக்குப் போகிற வழியில் வருவாள். யாருக்கும் நேரம் கிடையாது, யாரும் ஒரு கிளாஸைத் தவறவிட்டதும் கிடையாது.

வருஷ விழாவில் பெரியவர்களும் வாசிக்கலாம் என்று மாஸ்டர் சொன்னபோது நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆடிப்போனோம். மாஸ்டரே நாலு கீபோர்டுக்கு ஒரு மெட்டுக் கட்டினார். அடிச் சுரம் சேவியர் அண்ணனுக்கு, அதில்தான் ஆரம்பம். மேலே நாங்கள் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர வேண்டும். நடுவில் நாங்கள் எல்லோரும் நிறுத்திவிடுவோம். சேவியர் அண்ணன் மட்டும் தனியாக, தாளத்தில் எட்டுச் சுற்று வாசிக்க வேண்டும்.

அந்த எட்டுச் சுற்றுக்கு மனுஷன் பட்ட பாடு! மூன்று மாதம். பஸ் ஸ்டாண்டில் டிரிப்புக்கு நடுவே இருபது நிமிஷம் கிடைத்தால் ஸ்டியரிங் மேல் விரல் ஓடும். எந்த விரல் எங்கே என்று ஒரு அட்டையில் எழுதி, மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். கண்டக்டர் பொன்னழகு, "அண்ணே, வண்டியத்தான் ஓட்டுறீங்களா, இல்ல வாசிக்கிறீங்களா?" என்று கேட்பானாம். விழாவுக்கு அண்ணன் மனைவி செபாஸ்தியம்மாள் வருகிறார், பொன்னழகு வருகிறான், டெப்போவிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள் என்று அவர் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டார். "எம் பாட்ட நான் வாசிச்சு, ஒரு ஆளு காதுல விழணும் மணி. அம்புட்டுத்தேன்" என்றார். வேறு எதையும் அந்த மனுஷன் கேட்கவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, நாகல் நகர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேடையிலேயே ஒரு ஒத்திகை. சேவியர் அண்ணன் கோவிலில் பூசைக்குத் தன் சொந்தக் கீபோர்டில் வாசித்துவிட்டு, அதையே பையில் போட்டுக்கொண்டு நேராக வந்தார். நாலு கீபோர்டையும் வரிசையாக வைத்தோம். சவுண்டு பார்க்கிற முகேஷ்குமார் ஒவ்வொன்றிலும் ஒயரைச் செருகினான். ஒயரைச் செருகினால் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் அடைத்துக்கொள்ளும், சத்தம் மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போய்விடும். எங்கள் முன்னாலும் ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள். தாளம் தவறாமல் இருக்க முதலில் நாலு தடவை 'டிக்' என்று வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள் என்றார் மாஸ்டர்.

வாசித்தோம். அடேயப்பா, என்ன சுத்தம்! நான் இரண்டு இடத்தில் இடறினேன், ஆனால் ஸ்பீக்கரில் இடறவே இல்லை. பெரிய மண்டபம், நல்ல மிஷின், அதனால் தப்பெல்லாம் அமுங்கிப்போகிறது என்று நினைத்தேன். என்ன புத்தி பாருங்கள் எனக்கு! அடுத்தவன் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள், என் கை செய்த தப்பு காணாமல் போனதைக் கேட்காமல் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன். போதாததற்குச் சேவியர் அண்ணனிடம் போய், "அண்ணே, எல்லாத்துக்கும் மேல ஒங்க எட்டுச் சுத்துதான். தனியாக் கேட்டுச்சு" என்று வேறு சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இந்த வாயை என்ன செய்வது?

நாங்கள் மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். செத்த நேரத்தில் சேவியர் அண்ணன் வந்தார். மலர்ந்த முகம் செத்துக் கிடந்தது.

"மன்னிச்சிருங்கப்பா, மானத்த வாங்கிட்டேன்" என்றார். "காலைல பூசைல பாட்டுக்காரப் பிள்ளைகளுக்காக மூணு தள்ளி வச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். எம் பெட்டி அணைச்சாலும் வச்சது வச்சபடி இருக்கும்ல. இப்பத்தான் பாக்குறேன், மூணுன்னே நிக்கிது. மொத்தத்தையும் மூணு கட்ட தள்ளி வாசிச்சிருக்கேன். விரலையே பாத்துக்கிட்டு இருந்ததுல எங்காதுல ஒண்ணும் ஏறல. நாராசமா இருந்திருக்கும். எம் மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டீங்க."

"இல்லீங்களே" என்றார் கருப்புசாமி அண்ணன். "சுத்தமாத்தானுங்க இருந்துச்சு. நம்ம மூணு பேரு சுருதியோட அப்படியே ஒட்டி வந்துச்சுங்க."

"ஒட்டாதுய்யா. ஒட்ட முடியாது."

"அக்கா" என்று நான்சி என்னைப் பார்த்தாள். நாலு பேரில் ஒருவர் மூன்று கட்டை தள்ளி வாசித்தால் கழுதைகூடக் காதைப் பொத்திக்கொள்ளும். நாங்கள் யாருமே கேட்கவில்லை. அப்படியானால் நாங்கள் கேட்டது சேவியர் அண்ணன் வாசித்தது இல்லை.

டம்ளரை வைத்துவிட்டு நாலு பேரும் மேடைக்கு ஓடினோம். நான்சி அவள் கீபோர்டை இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி அமுக்கினாள். சத்தமே இல்லை. நான் என்னுடையதை அடித்தேன். அதுவும் ஊமை. முகேஷ்குமார் ஒரு மூலையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, எங்க லைன் ஏன் வரல?"

"ஒங்க லைனாக்கா? அது ஆஃப்ல இருக்கு. பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஆன்." அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பெரியவங்களுக்கு ட்ராக்குதான் ஓடும். மாஸ்டர் நாலு பேரு பாட்டையும் அவரே வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் கொடுத்துட்டாரே. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

அவன் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஆனால் அந்த நேரத்தில் அவன் பிரியாணியைத் தூக்கி எறியலாம் போல எனக்கு வந்தது. எறியவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம்.

மாஸ்டர் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளின வேகத்தில் இரண்டு சான்றிதழ் பறந்தது.

"என்ன தம்பி இது? மூணு மாசம் எங்கள எதுக்கு ஒக்கார வச்சுக் கை வலிக்கத் தட்டச் சொன்னீங்க? நாங்க பொம்மையா?"

மாஸ்டர் பதறவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். விவரம் தெரியாத ஆளுக்குப் படிவம் நிரப்பச் சொல்லித் தருகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "மேடம், உங்க நல்லதுக்குத்தான். மில் ஓனர் சீஃப் கெஸ்டா வர்றாரு. முன்னூறு பேரு வர்றாங்க. பிள்ளைங்க தப்பு பண்ணா அழகு. பெரியவங்க தப்பு பண்ணா சிரிச்சிருவாங்க. நீங்க வாசிச்ச சந்தோஷம் உங்களுக்கு, கேட்ட சந்தோஷம் அவங்களுக்கு. யாருக்கும் தெரியப்போறதில்ல." அப்புறம் சேவியர் அண்ணன் பக்கம் திரும்பி, தோளில் தட்டி, "அண்ணே, கைய மட்டும் அசைச்சாப் போதும்" என்றார்.

எனக்கு அந்த ஆயரும் தவக்காலமும் அவர் அம்மாவும் ஒன்றாக ஞாபகம் வந்தார்கள். மாஸ்டருக்கு அந்தக் கதை தெரியாது. தெரியாமல்தான் சொன்னார். தெரியாவிட்டால் என்ன, சொல்லலாமா? ஐம்பத்து நாலு வயது மனுஷனைப் பார்த்து?

சேவியர் அண்ணன் தன் கையைப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் பின்னாலேயே ஓடினேன். மாஸ்டர் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் இவர் மேல் திரும்பியது. "என்னண்ணே, சரின்னுட்டு வாரீங்க? ஒங்களுக்கு ரோசமே கிடையாதா? பேனரக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம், வாங்க. நான் கிழிக்கிறேன்."

"போறதா?" என்றார். "செபாஸ்தி பஸ் ஏறிட்டா மணி. புதுச் சேல கட்டிட்டு வாரா. பொன்னழகு வாரான். அவங்க வந்து ஒக்காருவாங்க. ட்ராக்கு ஓடும். முடிஞ்சதும் செபாஸ்தி எங்கிட்ட வந்து, நல்லா வாசிச்சீங்க, கேட்டேன்னு சொல்லுவா." அதுவரை அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "எங்க அம்மா சொன்னத நான் வாங்கிக்கிட்டேன். அது ஒண்ணே இம்புட்டு வருசமா நெஞ்சுல கெடக்கு. இன்னொரு வாட்டி அந்தப் பொய்ய என்னால வாங்க முடியாது தாயி."

மத்தியானம் 'தனியாக் கேட்டுச்சு' என்று அதே பொய்யை அவருக்குக் கொடுத்தவள் நானும்தான். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தாத. மேடைல பாத்துக்கிருவோம்" என்றார்.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் வாசித்தார்கள், தப்பும் தவறுமாக, அழகாக. எங்கள் முறை வந்ததும் பெயரைக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் போய் உட்கார்ந்தோம். மூன்றாவது வரிசையில் செபாஸ்தியம்மாள், மாம்பழ நிறச் சேலையில். பக்கத்தில் பொன்னழகு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மாஸ்டர் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

டிக். டிக். டிக். டிக்.

அடிச் சுரம் ஆரம்பித்தது. நான் என் முறைக்காகக் கையைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தேன். சேவியர் அண்ணன் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்திருந்தார். அவர் பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கை! கை!" என்று திரைக்குப் பக்கத்திலிருந்து மாஸ்டர் பல்லைக் கடித்தார். அண்ணன் கையைத் தூக்கினார். கட்டைமேல் வைக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

நானும் தூக்கினேன். நான்சி தூக்கினாள். கருப்புசாமி அண்ணன் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு அவரும் தூக்கிவிட்டார். நாலு பேர், எட்டுக் கை, எல்லாம் ஆகாயத்தில். பாட்டு மட்டும் இம்மி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை, "அம்மா, அந்தத் தாத்தா வாசிக்காமயே கேக்குது!" என்று கத்தியது. மண்டபத்தில் ஒரு மூலையில் சிரிப்பு ஆரம்பித்தது. அது வரிசை வரிசையாகப் பரவியது. அந்தச் சிரிப்புக்கு மத்தியில்தான் சேவியர் அண்ணனின் எட்டுச் சுற்று வந்தது, மாஸ்டர் கையால், மாசு மருவில்லாமல். அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது. கை இறங்கவில்லை.

முகேஷ்குமார் ட்ராக்கை நிறுத்திவிட்டான். யாரும் சொல்லாமல், அவனாகவே.

சிரிப்பும் நின்றது. அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை டப்பென்று பிடுங்கினார். மைக் இல்லாமலே, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற அதே குரலில் சொன்னார்: "இம்புட்டு நேரம் கேட்டது நாங்க இல்லங்க. இனிமே வாசிக்கப்போறதுதான் நாங்க. தப்பு வரும். பொறுத்துக்கங்க."

நாங்களும் ஒயரைப் பிடுங்கினோம். கருப்புசாமி அண்ணன் பிடுங்கின வேகத்தில் ஸ்டாண்டே ஆடியது. மாஸ்டர் மேடைக்குள் இரண்டு அடி வந்தார். "ஒரு எட்டு எடுத்து வச்சீங்க, நடக்கிறதே வேற" என்றேன், முன்வரிசைக்குக் கேட்கும்படியாகவே. நின்றுவிட்டார். கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் சின்னது, முன்னூறு பேருக்குக் காணாது. நான்சி எழுந்துபோய், அறிவிப்பு சொல்கிற பெண்ணிடமிருந்து மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிவந்து சேவியர் அண்ணனின் பெட்டி முன்னால் வைத்தாள். முகேஷ்குமார் ஒன்றும் கேட்காமல் அதன் சத்தத்தைக் கூட்டினான்.

"பூஜ்யமாண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "பூஜ்யம்" என்றார்.

வாசித்தோம். எப்படி வாசித்தோம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நாலு இடத்தில் இடறினேன். கருப்புசாமி அண்ணன் ஒரு சுற்று முன்னாலேயே நுழைந்துவிட்டு, நாங்கள் வந்து சேரும்வரை அதே இடத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். நான்சி ஒரு வரியையே விட்டுவிட்டுப் போனாள். மாஸ்டர் பயந்தபடிதான் எல்லாம் நடந்தது. ஆனால் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. அப்புறம் நாங்கள் மூன்று பேரும் நிறுத்தினோம். சேவியர் அண்ணனின் எட்டுச் சுற்று வந்தது.

முதல் இரண்டு சுற்று நிதானமாகப் போனது. நத்தம் ரோட்டில் காலிப் பாதையில் வண்டி போகிற மாதிரி. மூன்றாவது சுற்றில் அந்தத் தடித்த விரல் இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கிவிட்டது. நல்ல சத்தம். மைக் வேறு பக்கத்தில். அபஸ்வரம் கடைசி வரிசைச் சுவர் வரை போய் இடித்துத் திரும்பியது. அண்ணன் நிறுத்தவில்லை. மீதி ஐந்து சுற்றையும் முடித்தார், நாங்கள் சேர்ந்துகொண்டோம், முடிந்தது.

கைதட்டினார்கள். மில் முதலாளி தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையுமில்லை. பெலிக்ஸ் மாஸ்டர் மறுநாளே எங்கள் நாலு பேரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கட்டும். இப்போது சனிக்கிழமைகளில் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நாங்கள் நாலு பேரும் வாசிக்கிறோம். சண்டையும் போடுகிறோம்.

அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது செபாஸ்தியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பொன்னழகு, "அண்ணே, பின்னிட்டீங்க" என்று கத்தினான். அதை அண்ணன் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அம்மா மட்டும் 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்று சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே என்று எனக்கு இருந்தது.

செபாஸ்தியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, கேட்டார்:

"ஏங்க, நடுவுல ஒரு எடத்துல கர்ருன்னு தப்பா விழுந்துச்சே, அது யாரு?"

சேவியர் அண்ணன் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி சட்டென்று கையைத் தூக்கினார்.

"நான்தான்" என்றார். "அது நான்தான் செபாஸ்தி."